தொபியாஸின் பங்கு

கேக்க மனசிருக்குறவங்க கிட்ட வந்து உக்காருங்க, நம்ப மனசில்லாதவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ரெண்டு பேருக்கும் நான் சொல்லப்போறது ஒரே கதைதான். எங்க மணல்மாதாபுரத்துக் கரைவலையில பெரிய நாட்டோட போர்க்கப்பல் மாட்டுனது மத்தி மீனு சீசன்ல, வெயிலு நல்லா ஏறின ஒரு காலையில, அந்த நாட்டுத் தூதரு எங்க கூட நின்னு கயித்தைப் பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருந்த அதே நேரத்துல. எந்த நாடுன்னு கேக்காதீங்க. ஏழு கடல்லயும் கப்பல் விட்டிருக்குற நாடு, எங்க ஊரு பேரு வாயில நுழையாததால எங்க கடலுக்கு ஒரு நம்பரு வச்சுக் கூப்பிட்ட நாடு, அது போதும் உங்களுக்கு.

கரைவலை பாக்காதவங்களுக்குச் சொல்லிடுறேன். வள்ளத்துல வலையை ஏத்திக்கிட்டுப் போய் கடல்ல அரைவட்டமா விட்டுட்டு வருவாங்க, அப்புறம் ரெண்டு பக்கத்துக் கயித்தையும் கரையில நின்னு ஊரே இழுக்கும், ஆம்பளை பொம்பளை கிழடு குஞ்சு எல்லாம். கயித்துல யாரு கை வச்சாலும் ஒரு பங்கு, வழியில போனவனா இருந்தாலும் சரி, வேண்டாதவனா இருந்தாலும் சரி. ஒரு தடவை கோழி திருட வந்தவனை ஊரு துரத்திக்கிட்டு வந்துச்சு, அவன் ஓடுன ஓட்டத்துல கூட்டத்துக்குள்ள புகுந்து கயித்தைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டான், துரத்துனவங்களும் சேந்து இழுத்தாங்க, வலை கரையேறி, மீனைக் கூறு வச்சு, அவன் கூறை அவன் கையில குடுத்த பிறகுதான் தென்னை மரத்துல கட்டுனாங்க. அவன் பின்னாடி எங்க ஊருலயே பொண்ணு கட்டிக்கிட்டான், அவன் மாமியாகிட்ட பட்ட பாட்டுக்கு அந்தத் தென்னை மரமே தேவலைன்னு சொல்லுவான், அது இருக்கட்டும். இன்னொரு வழக்கமும் இருக்கு. வலையில விழுறதை நாங்க பாடும்போம், பிரிக்க முடியாத பெரிய பாடு விழுந்தா, யானைச்சுறா மாதிரி ஏதாவது, பங்காளிங்க, பங்கு உள்ளவங்க அத்தனை பேரும் சரின்னு சொன்னாத்தான் அதை விக்கலாம், யாருக்கும் குடுக்கலாம். ஒருத்தன் ஊருல இல்லன்னா அவன் வாற வரைக்கும் பாடு மணல்லயே கிடக்கும். அழுகுனாலும் கிடக்கும்.

இப்ப தொபியாஸைச் சொல்லணும். என் தங்கச்சி மகன். இடது கைக்காரன், கயித்துல அவன் போடுற முடிச்சை வேற யாராலயும் அவுக்க முடியாது, அவன் பொண்டாட்டி மதலேனாள் ஒருத்தியைத் தவிர. போன வருசம் தனி வள்ளத்துல போனான், வள்ளம் மட்டும் மிதந்து வந்துச்சு, வலை மடிச்சு வச்ச மேனிக்கு, சோத்துச் சட்டியில பழைய சோறு அப்படியே. வடக்க ஒரு தீவை அந்தப் பெரிய நாடு குத்தகைக்கு எடுத்து அதைச் சுத்தியிருக்குற கடலுக்கும் வேலி போட்டிருந்துச்சு, கண்ணுக்குத் தெரியாத வேலி, அதைத் தாண்டுனான்னு அவனைத் தூக்கிட்டுப் போனதைப் பக்கத்து ஊரு வள்ளக்காரன் ரெண்டு கண்ணால பாத்திருக்கான். ஊரே வள்ளத்தை எடுத்துக்கிட்டுத் தேடிப் போனோம், அவங்க கப்பல்லருந்து தண்ணியைப் பீச்சியடிச்சு எங்களை முங்கடிச்சுத் திருப்பி அனுப்புனாங்க. எங்க சர்க்காரு கேட்டதுக்கு அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லைன்னு பதில் வந்துச்சு. அப்படி ஒரு ஆளே இல்லையாம்னு எங்க சர்க்காரும் எங்ககிட்ட வந்து சொல்லுச்சு. அதுக்கு அப்புறம் கயிறு இழுக்கும்போதெல்லாம் தொபியாஸ் நிக்கிற எடத்தை மதலேனாள் காலியா விட்டு அதுக்கு அடுத்தாப்புல நின்னு இழுப்பா. சம்மாட்டியும் அவன் பங்கைப் பிரிச்சு அவ கூடையில போடுவாரு. சம்மாட்டின்னா வலைக்குச் சொந்தக்காரரு, பேரு கஸ்பார்.

அன்னைக்குத் தூதரு வந்தது, ஊருக்கு சோலார் விளக்கு குடுக்கவும், எங்க கரையில ஒரு சின்ன நட்புத்துறைமுகம் கட்டலாமான்னு நல்ல வார்த்தை சொல்லவும். தங்கமான மனுசன் மாதிரி இருந்தாரு, தமிழு படிச்சிருந்தாரு, ஆனா கல்வெட்டு பேசுற மாதிரி பேசுவாரு. "நானும் தங்களுடன் இழுக்கலாமா" ன்னு கேட்டாரு. யாரு வேணாம்பா. மதலேனாளுக்கு முன்னாடி நின்னு கயித்தைப் பிடிச்சாரு, தொபியாஸோட எடத்துல.

வலை கனத்துச்சு. மாடு கட்டி இழுத்தாலும் வராத கனம். "பாறையில மாட்டிருச்சு போல மாமா" ன்னு ஒருத்தன் சொன்னான். "பாறை நகராதுலே, இது நகருது, இழு" ன்னாரு சம்மாட்டி. இழுத்தோம். நான் இழுத்தேன், மாதா கோயில் சாமியாரு இழுத்தாரு, தூதரு இழுத்தாரு, அவரு கூட வந்த போட்டோக்காரன் மட்டும் இழுக்கல, அதனால அவன் இந்தக் கதையிலயும் இல்ல. அலைக்குள்ளருந்து முதல்ல ஒரு சாம்பல் மூக்கு வந்துச்சு, அப்புறம் அந்த மூக்குக்குப் பின்னாடி தெரு நீளத்துக்கு உடம்பு வந்துச்சு, பீரங்கி வந்துச்சு, கொடி வந்துச்சு, மேல வரிசையா நின்னு எங்களைப் பாத்துக்கிட்டிருந்த சிப்பாய்ங்க வந்தாங்க, எல்லாம் வலைக்குள்ள, மத்தி மீனும் நகரை மீனும் அது மேல துள்ளிக்கிட்டிருக்க, மெதுவா மணல்ல ஏறி ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துச்சு.

சம்மாட்டி முதல்ல வலையைத்தான் பாத்தாரு. "புது வலை" ன்னு மட்டும் சொன்னாரு.

கூட வந்த மத்தியைக் கூறு போட்டோம். தூதருக்கும் ஒரு கூறு. அவரு முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தாலும் பழக்க தோசத்துல சிரிச்சுக்கிட்டே வாங்கி, காருக்குள்ள இருந்த ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டாரு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "அன்பு நண்பர்களே, இக்கப்பல் எமது நாட்டின் உடைமை, தயவுகூர்ந்து வலையை அகற்றித் தாருங்கள்" ன்னாரு.

"தாராளமா. பங்காளிங்க எல்லாரும் சரின்னா எடுத்துட்டுப் போங்க ஐயா" ன்னாரு சம்மாட்டி.

"யாவரும் இங்கேதானே இருக்கிறீர்கள்."

"தொபியாஸ் இல்லையே."

தூதரு தலையை ஆட்டுனாரு. "அப்படியொரு நபர் எங்கள் வசம் இல்லை."

"இல்லாதவனுக்கும் பங்கு உண்டுங்க இங்க."

"இது எந்தச் சட்டத்தின்படி?"

"இப்ப ஐஸ் பெட்டியில வச்சீங்களே மத்தி," மதலேனாள் கூடையைத் தூக்கிக்கிட்டே சொன்னா, "அது எந்தச் சட்டமோ அந்தச் சட்டம்தான்."

இழுவைக் கப்பலுங்க வந்துச்சு. இரும்பு வடம் போட்டு இழுத்துச்சு, வடம் தெறிச்சதே தவிர கப்பல் அசையல, பங்கு தீராத பாடு கரையை விட்டு நகராதுன்னு எங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத்தான் எந்தப் படிப்புலயும் சொல்லிக்குடுக்கல. சுட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. சாஞ்சு கிடந்ததுல பீரங்கி ரெண்டும் மேகத்தைப் பாத்துக்கிட்டிருந்துச்சு, ஊரைச் சுத்தி உலகத்து டிவிக்காரன் பூரா கேமராவோட நின்னான், அதோட நட்புன்னு எழுதுன பேனரை அவங்களே எங்க கோயில் வாசல்ல கட்டியிருந்தாங்க, அதை யாரு வந்து அவுக்குறது.

அப்புறம் கப்பலும் ஊருக்குள்ள ஒரு வீடு மாதிரி ஆயிப்போச்சு. ஹெலிகாப்டரு இறங்குற தளம் நல்லா சூடேறும், அதுல நெத்திலி காயப்போட்டா மணல் ஒட்டாம ஒரு வெயிலுல காஞ்சிடும்னு பக்கத்து வீட்டுப் பவுலீன்தான் கண்டுபிடிச்சா, அப்புறம் எடத்துக்கு அடிதடி. பீரங்கிக்கும் பீரங்கிக்கும் நடுவுல கொடி கட்டித் துணி காயப்போட்டோம். மீன் வாசத்துக்குப் பூனையெல்லாம் ஏறிப் போச்சு, சிப்பாய்ங்க முதல்ல விரட்டுனாங்க, அப்புறம் பேரு வச்சாங்க. கோயிலுக்கு வழக்கமா குடுக்குற பங்கை இந்தக் கப்பல்லருந்து எப்படிக் குடுக்குறதுன்னு சாமியாருக்கும் சம்மாட்டிக்கும் ஒரு பெரிய தகராறு வந்து, கடைசியில கப்பல் மணியைத் தற்காலிகமா அடிச்சுக்கலாம்னு முடிவாச்சு. எங்க கோயில் மணிக்கு ரொம்ப நாளா நாக்கு இல்ல.

சிப்பாய்ங்களுக்குச் சாப்பாடு தீந்துச்சு. அவங்க நாடு மேலருந்து பொட்டலம் போட்டுச்சு, காத்துல எல்லாம் கடல்லயே விழுந்துச்சு. ஒரு நாள் காலையில வரிசையா இறங்கி வந்தாங்க, ஒருத்தன் வயித்தைத் தொட்டுக் காட்டுனான். "சும்மா கிடைக்காது, கயித்தைப் பிடிக்கச் சொல்லுங்க" ன்னாரு சம்மாட்டி. பிடிச்சாங்க. பிள்ளைங்களா அதுங்க, மீசை கூட சரியா வரல, பாதிப்பேரு கடலுக்கு வர்றதுக்கு முந்தி கடலையே பாக்காதவன், வயக்காட்டு ஊருக்காரன், வேலை கிடைக்காம சிப்பாயானவன். கை பூரா கொப்புளம் போட்டுக்கிட்டு அவன் கூறை வாங்கிட்டுப் போய் கப்பல்ல பொரிச்சுத் தின்னான். எண்ணெய்ச் சட்டி நம்ம வீட்டுச் சட்டிதான்.

அதுல ஒரு நெட்டையன். இழுக்கும்போது கயித்தை இடுப்புல சுத்தி முடிச்சுப் போட்டான். பக்கத்துல நின்ன மதலேனாள் கயித்தை விட்டுட்டா. இழுத்துக்கிட்டிருக்கும்போது கயித்தை விடுறவ இல்ல அவ. குனிஞ்சு அந்த முடிச்சைத் தொட்டுப் பாத்தா, ஒரு விரலை உள்ள விட்டு ஒரு திருகு திருகி அவுத்தா, திரும்ப அவன் கையில குடுத்துப் போடச் சொன்னா. போட்டான், இடது கையால.

"யாரு சொல்லிக்குடுத்தா இதை."

அவனுக்கு மொழி தெரியல, ஆனா கேள்வி புரிஞ்சிருச்சு. வடக்க கையைக் காட்டுனான். கம்பிக்குப் பின்னாடி ஒரு ஆளு உக்காந்திருக்குற மாதிரி காட்டுனான். போர்வையைக் கிழிச்சு முடிச்சுப் போடுற மாதிரி காட்டுனான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

இந்தச் சமயத்துலதான் நம்பி சார் வந்தாரு. பட்டணத்துப் புரபசரு, ஏகாதிபத்தியத்தை எதுத்து எழுதியே தலை நரைச்ச மனுசன், ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனவரு. கூடவே ஏழெட்டு கட்சிக்காரங்களும் வந்து, இந்தக் கப்பலை இங்கயே நினைவுச்சின்னமா வைக்கணும்னு மேடை போட்டுப் பேசுனாங்க. அதுல ஒரு கட்சி, தெக்க கொம்பன்துறையை இன்னொரு பெரிய நாடு வளைச்சுப் போட்டப்ப வாயைத் திறக்கவே இல்ல. என் நாத்தனாரைக் கொம்பன்துறையிலதான் கட்டிக்குடுத்தோம், இப்ப அவ தன் வீட்டுக்குப் போறதுக்கு நெஞ்சுல அட்டை மாட்டிக்கிட்டுப் போறா, அந்த நாட்டுக் கப்பலுக்கு நிறம் வேற, கம்பி வேலியில இருக்குற முள்ளு ஒரே முள்ளுதான். நான் இதைக் கேட்டேன், அந்தக் கட்சித் தம்பி "அது வேற சூழ்நிலை பாட்டி" ன்னுச்சு. நம்பி சாரு மட்டும் மைக்கை வாங்கி, "அம்மா சொல்றதுதான் சரி, எவன் வந்தாலும் வந்தவன் வந்தவன்தான்" ன்னாரு. அந்தக் கட்சி மேடையை விட்டு இறங்கிப் போயிருச்சு. ஆளு பேச்சு நீளம், ஆனா பொய் இல்ல.

மதலேனாள் கூட்டம் முடிய காத்திருந்து அவருகிட்டப் போனா. "சார், நீங்க அந்தத் தீவைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே."

"இருபது வருசமா எழுதுறேன்மா. அங்க பேரில்லாம ஆளுங்களை வச்சிருக்கான். யாரு படிக்கிறா."

"எங்க இருக்குன்னு தெரியுமா."

"மூடுன கண்ணோட காட்டுவேன்."

"அப்ப இங்கயே இருங்க. ராத்திரி எங்க வீட்டுல சாப்பாடு."

அங்கிட்டு தூதரு சும்மா இருக்கல. எங்க மந்திரியைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. தொபியாஸைக் கொண்டாந்தா கப்பலு போயிரும், ஆனா கொண்டாந்தா அவன் இருந்தான்னு ஆயிரும், உலகத்துக்கு முன்னாடி சொன்ன பொய்யைத் திரும்ப முழுங்கணும், அது ஒரு கப்பலை விட அவங்களுக்குப் பெருசு. அதனால வேற வழி யோசிச்சாங்க. தொபியாஸ் கடல்ல செத்துட்டான்னு மதலேனாள் ஒரு துக்கப் பூசை வச்சுட்டா போதும். அவன் பங்கு அவளுக்கு வந்துரும், அவ சரின்னு சொல்லிட்டா கப்பலு போயிரும். அதுக்குப் பதிலா ஊருக்கு ஐஸ் பிளான்ட், ஆஸ்பத்திரி, அவளுக்குக் கல்லு வீடு.

ஐஸ் பிளான்டுன்னதும் ஊரு ரெண்டாச்சு, ஒளிக்காம சொல்றேன். ஐஸ் இல்லாம நாங்க வந்த விலைக்கு மீனைத் தள்ளிவிட்ட வருசமெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். பவுலீன் நேரா வந்து, "ஏ மதலேன், ஒரு பூசைதானே. வாயால சொல்றதுல என்ன இருக்கு. அவன் நாளைக்கு வந்தா வரட்டும், உயிர்த்தெழுந்துட்டான்னு சொல்லிக்குவோம்" ன்னா.

"நான் பூசை வச்ச அன்னைக்கே அவரை அங்க கொன்னுருவாங்க அக்கா. இப்பவாவது அவரு இல்லாத ஆளு. நான் சொல்லிட்டா செத்த ஆளு. செத்த ஆளை என்ன செஞ்சாலும் யாரு கேப்பா."

மந்திரி முன்னாடி வந்தாரு. "பாரும்மா, நட்பு நாடு. நம்ம சர்க்காரு மானம் இதுல இருக்கு. ஒரே ஒரு பூசை."

"பூசை வேணும்னா உங்க சர்க்காருக்கு வைங்க ஐயா. அது செத்துத்தான் ரொம்ப நாளாச்சு."

சாமியாரு இருமுற மாதிரி திரும்பிக்கிட்டாரு. சிரிச்சாரா இருமுனாரான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்குறாரு.

தூதருக்குக் கோவம் வந்து பாத்தது அன்னைக்குத்தான். "அம்மையீர், தாங்கள் பிடிவாதம் பிடித்தால் இக்கரையிலிருந்து அனைவரும் அகற்றப்படுவீர்கள். உங்கள் அரசு ஒப்புதல் தந்துவிட்டது" ன்னாரு. மந்திரி மணலைப் பாத்தாரு. ஊரும் மந்திரியைப் பாத்துச்சு, ஐஸ் பிளான்டு கேட்டவங்க மெதுவா நடந்து வந்து மதலேனாளுக்குப் பின்னாடி நின்னாங்க, பவுலீனும்தான்.

மதலேனாள் தூதரைப் பாக்கவே இல்ல. "மாமா" ன்னு சம்மாட்டியைக் கூப்பிட்டா. "கடலுக்குப் போனவன் திரும்பலன்னா ஊரு என்ன செய்யும்."

"தேடப் போவும்."

"எதுல போவும்."

"கையில கிடைச்சதுல போவும். கதவு மிதந்தா கதவுல போவும்."

"அதுக்குப் பங்காளிங்க எல்லாரும் சம்மதிக்கணுமா."

"தேடப் போறதுக்கு யாரைக் கேக்கணும்."

அவ திரும்பிக் கப்பலைப் பாத்தா. நெத்திலி காஞ்சுக்கிட்டிருந்துச்சு, ஒரு பூனை பீரங்கி மேல தூங்கிக்கிட்டிருந்துச்சு. "விக்கல, குடுக்கல, பிரிக்கல" ன்னா. "தேடப் போறோம்."

கப்பலுக்கு ஒரு கேப்டன் உண்டு, அதுவரைக்கும் மேல கண்ணாடி அறையை விட்டு இறங்காத ஆளு. நம்பி சாரு போய் அவங்க மொழியில சொன்னாரு. அப்புறம் அந்த ஆளு தொப்பியைக் கழட்டிக்கிட்டு இறங்கி வந்து மதலேனாள் முன்னாடி நின்னு ஏதோ சொன்னான். நம்பி சாரு அதை எங்களுக்கு எடுத்துச் சொன்னாரு. "கடல்ல காணாமப் போனவனைத் தேடுறது எங்க கடல் சட்டத்துலயும் முதல் சட்டம்னு சொல்றாரு. அந்தத் தீவுக்கு ஆளு ஏத்திட்டுப் போன கப்பல்ல இவரும் இருந்திருக்காராம். அதுக்கு அப்புறம் தூக்கம் வரலையாம்."

"தூக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம், தோளைக் குடுக்கச் சொல்லுங்க" ன்னா மதலேனாள்.

ஊரே தோளைக் குடுத்துச்சு. சிப்பாய்ங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நம்பி சாரு வேட்டியைத் தார்ப்பாச்சிக் கட்டிக்கிட்டு சம்மாட்டிக்குப் பக்கத்துல. மூணு இழுவைக் கப்பலுக்கு அசையாதது, வள்ளம் தள்ளுற மாதிரி வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. தூதரு தண்ணிக்குள்ள முழங்கால் வரைக்கும் ஓடி வந்தாரு, பூட்ஸோட. "இது யாருடைய கப்பல் என்று நினைக்கிறீர்கள்?"

"உங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்குங்க" ன்னாரு சம்மாட்டி ஏணியில ஏறிக்கிட்டே. "வர்றதுன்னா ஏறுங்க. சோறு மட்டும் உங்க சோறு."

அவரு ஏறல.

வழியெல்லாம் காத்து நல்ல காத்து. நீரோட்டத்தை சம்மாட்டி சொன்னாரு, திசையை நம்பி சாரு சொன்னாரு, சக்கரத்தை அந்த நெட்டையன் பிடிச்சான். மதலேனாள் சமையக்கட்டுல புகுந்து சோறு வடிச்சு, மத்திக் குழம்பு வச்சு, ஒரு தூக்குச்சட்டியில போட்டு மூடி மடியில வச்சுக்கிட்டா. எதுக்க ரெண்டு சாம்பக் கப்பலுங்க வந்துச்சு, பெருசுங்க. எங்க கப்பலைப் பாத்ததும் தங்களுதுன்னு கிட்ட வந்து, துணி காயுறதையும் கருவாட்டையும் நாங்க கையாட்டுறதையும் பாத்துட்டு என்ன செய்யுறதுன்னு அதுங்களுக்கு எந்த உத்தரவும் இல்லாததால அப்படியே நின்னுக்கிச்சு. நாங்க நடுவுல போனோம்.

தீவுன்னா ஒண்ணும் இல்ல, சுவரு, விளக்குக் கம்பம், முள்ளு. ஒரு மரம் இல்ல. ஸ்பீக்கர்ல ஒரு குரலு வந்துச்சு, நம்பி சாரு சொன்னாரு, "நீங்க யாருன்னு கேக்குறான், அடையாளம் சொல்லணுமாம்." கேப்டன் மைக்கை நீட்டுனான். யாரு வாங்குறதுன்னு எல்லாரும் பாத்தோம். மதலேனாள் தூக்குச்சட்டியை என்கிட்டக் குடுத்துட்டு வாங்குனா, கப்பலு ஒலிபெருக்கியில அவ குரலு தீவு பூரா கேட்டுச்சு.

"நான் தொபியாஸ் பொண்டாட்டி. வாசல்ல நிக்கிறேன். ஆளைக் கூப்பிடுங்க."

"அப்படி யாரும் இங்க இல்லைங்குறான்" ன்னாரு நம்பி சாரு.

அவ சுவரைப் பாத்து, எங்க தெருவுல அவனைச் சாப்பிடக் கூப்பிடுற அதே குரல்ல கூப்பிட்டா. "ஏங்க. சோறு ஆறுது."

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும். அப்புறம் சுவருக்குப் பின்னாடி எங்கேயோ ஒரு மூலையிலருந்து, தண்ணி குடிக்காத தொண்டையில ஒரு குரலு, "என்ன குழம்பு" ன்னுச்சு.

"மத்தி" ன்னா அவ. "எந்திரிச்சு வாங்க."

அதைத் தொட்டு இன்னொரு மூலையிலருந்து வேற ஒருத்தன் கத்துனான், எங்களுக்குத் தெரியாத மொழியில. அப்புறம் இன்னொருத்தன். அப்புறம் பத்துப் பேரு, எண்ண முடியாத பேரு, எந்தெந்தக் கரையிலருந்தோ தூக்கிட்டு வந்த இல்லாத ஆளுங்க எல்லாம் அவங்கவங்க பேரையும் அவங்கவங்க ஊரு பேரையும் சுவருக்கு மேல எறிஞ்ச மாதிரி கத்துனாங்க, சிப்பாய்ங்க தொப்பியைக் கழட்டிட்டு நின்னு கேட்டாங்க, ஸ்பீக்கரு குரலு நின்னுபோச்சு.

சம்மாட்டி கைப்பிடிக் கம்பியில சாஞ்சு காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு.

"கப்பல்ல இருக்குற வள்ளத்தை எல்லாம் இறக்குங்கலே. ஒரு வள்ளம் பத்தாது."